தாளவாடி ஒன்றியத்தில் ஒரு தீர்மானப் புத்தகம்

ஈரோடு மாவட்டத்தின் தாளவாடி ஒன்றியத்திற்கு மாறுதலாகி வருபவர், பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, ஆசனூரைக் கடந்து, கர்நாடகத்தின் புளிஞ்சூர் வழியே சென்று, மறுபடியும் தமிழ்நாட்டிற்குள் நுழைகிறார். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, அன்றைய கோவை மாவட்டத்திலிருந்த கொள்ளேகால் தாலுகா மைசூருடன் சேர்ந்தது. தாளவாடி இந்தப் பக்கமே நின்றுவிட்டது. கன்னட நடிகர் ராஜ்குமாரின் சொந்த ஊரான கஜனூர் இங்குதான் இருக்கிறது என்பது புதிதாக வரும் பலருக்கு வியப்பளிக்கும்.

கோப்புகளும் மனுக்களும் தமிழில் இருக்க, மனு கொடுப்பவர் பேசுவதோ பெரும்பாலும் கன்னடம். தலமலை, ஆசனூர்ப் பகுதிகளின் ஊராளி, சோளகர் மக்கள் தமக்குள் தம் பேச்சையே பேசுவதால், அவர்கள் நம்மிடம் பேசும் கன்னடமே அவர்களுக்கு இரண்டாம் மொழி. தமிழ் அதற்கும் அடுத்ததுதான். ஊராட்சிச் செயலரும் கிராம சுகாதார செவிலியரும் பணித்தளப் பொறுப்பாளரும் நாள் முழுவதும் இந்த மொழிகளுக்கிடையே வேலை செய்கிறார்கள். அந்த உழைப்பு எந்தப் பணிப்பட்டியலிலும் இல்லை.

இதன் விளைவைக் கிராம சபையில்தான் தெளிவாகக் கண்டேன். நவம்பர் 1, உள்ளாட்சி நாள் கூட்டம். எல்லைக்கு அப்பால் அதே நாளில் கர்நாடக மாநிலம் உருவானதைக் கொண்டாடும் ராஜ்யோத்சவம். நான் பற்றாளர், அதாவது கூட்டத்தைப் பார்வையிட அனுப்பப்பட்ட அலுவலர். காட்டோரத் தெருவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் கன்னடத்தில் நெடுநேரம் பேசினார். யானை, மாலை நேரம், தெருக்குழாய், வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைகள் என்று பேச்சு நீண்டது. தீர்மானப் புத்தகத்தில் அது "கூடுதல் குடிநீர் வசதி கோரப்பட்டது" என்ற ஒற்றை வரியாயிற்று. எழுதியவருக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். குறை மொழி அறிவில் இல்லை. அலுவலகத் தமிழில் ஆயத்தமாக இருக்கும் வாக்கியங்களுக்குள் அடங்குவது மட்டுமே பதிவாகும் என்பது எங்கள் எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம்.

மொழிச் சிறுபான்மையினர் 15 விழுக்காடோ அதற்கு மேலோ வாழும் பகுதிகளில் முக்கிய அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது அரசுகள் ஒப்புக்கொண்ட பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்று. அறிவிப்பு அரசு பேசுவது. மக்கள் பேசுவதைப் பதிவதற்கும் அப்படியோர் ஏற்பாடு வேண்டும் என்பது என் கருத்து. கன்னட வழியில் படித்த பெற்றோரால் தமிழில் உள்ள தீர்மானப் புத்தகத்தைப் படித்துச் சரிபார்க்க முடியாது. பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்திற்குப் பின் பள்ளி சென்ற இளையவர்கள் சிலர் படிக்கிறார்கள். ஆனால் அவர்கள் கூட்டத்திற்கு வருவது குறைவு.

அன்று எழுதியதைக் கன்னடத்தில் திருப்பிச் சொல்லுமாறு செயலரிடம் கேட்டுக்கொண்டேன். மூதாட்டி உடனே எழுந்து மறுத்தார். புதுக்குழாய் எதுவும் வேண்டாம். யானை வரும் மாலை வேளையில் தண்ணீர் விடுவதைக் காலைக்கு மாற்றினால் போதும் என்றார். மதிப்பீடு, நிதி, ஒப்புதல் எதுவும் தேவைப்படாத கோரிக்கை. தொட்டி இயக்குபவர் கூட்டத்திலேயே இருந்தார். எத்தனை மணிக்குத் திறப்பது என்று அங்கேயே பேசி முடித்தார்கள்.