உல்லேரிப் படிகளும் ஒரு ஜோடி ஷூவும்

ஒரு நகம்கூடக் கறுக்கவில்லை. ஒரு கொப்புளம் இல்லை. நேபாளத்தில் கோரேபானி, பூன் ஹில், காந்த்ருக் எல்லாம் அக்காவோடு சுற்றிவிட்டு இப்போதுதான் சென்னை வந்து சேர்ந்திருக்கிறேன். மலையைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது, ஆனால் முதலில் ஷூ.

கிளம்புவதற்கு முன் சென்னையில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். ஆண்களுக்கு ஒரு சுவர் முழுக்க ட்ரெக்கிங் ஷூ. பெண்களுக்கு மூலையில் இரண்டு மூன்று மாடல், அதுவும் ஊதா அல்லது ரோஸ். எடை குறைவுதான், கையில் எடுத்தால் ஆசையாக இருந்தது. ஆனால் முன்பக்கம் ஒடுக்கம். வருஷம் முழுக்கச் செருப்பில் நடக்கிற கால் நம்முடையது, விரல்கள் விரிந்தே பழகியவை. உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன். சுண்டுவிரல் பாதி வெளியே. “போடப் போட லூஸாயிடும் மேடம்” என்றார் விற்பனையாளர். தோல் ஷூ என்றால் கொஞ்சம் இளகும், சரி. மெஷ் துணிக்கு மேலே பிளாஸ்டிக் பட்டையும் முனையில் ரப்பர் கவசமும் ஒட்டிய இந்த லேசான ஷூக்கள் அப்படி இளகாது. இளகாததை இளகும் என்று சொல்லி விற்பது எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம்.

வேறொரு கடையில், ஆண்கள் வரிசையில் இருந்த யூகே 6 எனக்குக் கச்சிதமாக அமைந்தது. கணுக்கால் வரை ஏறும் மாடல், ஜோடி 900 கிராம், விலை நாலாயிரத்துச் சொச்சம். சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், மலையில் போடப்போகிற தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்கினேன். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருந்தது. அமெரிக்காவில் மெரல் மோவாப் மாதிரி ஷூக்களில் பெண்கள் மாடலிலேயே அகலம் கூடியது தனியாகக் கிடைக்கிறது. இங்கே நாம் ஆண்கள் வரிசைக்குப் போக வேண்டியிருக்கிறது.

சுனௌலி எல்லையிலிருந்து பொக்காராவுக்கு பஸ். தான்சேன் வழியாகப் போகும் மலைப்பாதை. என் ஸீட்டின் சாய்மானம் உடைந்து பின்னால் இருந்தவர் மடியில் விழுந்தது, முன்ஸீட்டின் கம்பி முழங்காலில் இடித்தது. நடுப்பாதையில் வேறு மூட்டை, வளைவுக்கு வளைவு அது என் காலில் வந்து சாயும். இறங்கும்போது பாதம் உப்பியிருந்தது. இரண்டு மடங்கு காசு கொடுத்தாவது டூரிஸ்ட் பஸ் பிடியுங்கள்.

அன்னபூர்ணா பகுதிக்குள் நுழைய அனுமதிச் சீட்டு இந்தியர்களுக்கு 1,000 நேபாள ரூபாய், நம் பணத்தில் 625. மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. எங்கள் பட்ஜெட்டில் வயிறு எரியாமல் கொடுத்த பணம் அது ஒன்றுதான்.

திகேதுங்காவில் இருந்து உல்லேரி வரை கல் படிகள். மூவாயிரத்துக்கும் மேல். கோவேறு கழுதைகள் மணி ஆட்டிக்கொண்டு இறங்கும்போது மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் நின்றால் தள்ளிவிட்டுவிடும். ஷூ லேசாக இருப்பதன் அருமை இங்கேதான் தெரிந்தது. ஒவ்வொரு படிக்கும் தூக்கியாக வேண்டிய எடை அல்லவா?

அக்காவின் ஷூ பாதிப் படியில் வாயைப் பிளந்தது. நல்ல விலை, கனத்த ஷூ, அதிகம் போடாமல் பெட்டியோடு பரணில் இருந்தது. அடிப்பாகத்தைத் தொட்டால் மைசூர்பாகு மாதிரி பொலபொலவென்று உதிர்கிறது. பல ஷூக்களில் நடு சோல் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும், நடக்காமல் வைத்திருந்தாலும் சிதையும். சென்னைப் புழுக்கத்தில் பூட்டிய பெட்டி அதற்கு மோசமான இடம். விற்கும்போது இதை யாராவது சொல்கிறார்களா?

உல்லேரி விடுதிக்கார அம்மா (அங்கே தீதி என்பார்கள்) பழைய ட்யூப் துண்டால் சோலைச் சுற்றிக் கட்டிவிட்டார். கோரேபானியில் ஒரு கடையில் அக்கா கோல்ட்ஸ்டார் ஷூ வாங்கினாள். நேபாளத்துத் தயாரிப்பு, சுமை தூக்குகிறவர்கள் காலிலெல்லாம் அதுதான். இரண்டாயிரம் நேபாள ரூபாய்க்குள். மீதி மலை முழுக்க அதில்தான் நடந்தாள், ஒரு முணுமுணுப்பு இல்லை.

அன்றிரவு கோரேபானி விடுதியில் தால் பாத். சுடுசோறு, கறுப்புப் பருப்பு, குந்த்ருக் என்கிற புளிக்கவைத்த கீரை, ஊறுகாய், மேலே நெய். கேட்கக் கேட்கப் போடுகிறார்கள், கூடுதல் காசு இல்லை. வேறு எதையும் ஆர்டர் செய்து பணத்தை வீணாக்காதீர்கள். நான் மூன்றாவது முறை பருப்பு கேட்டபோது அந்த விடுதித் தீதி பாத்திரத்தையே மேஜையில் வைத்துவிட்டார். விடிகாலையில் பூன் ஹில், 3,210 மீட்டர். எதிரே தௌலாகிரி சிகரம் முதலில் சிவந்தது, அப்புறம் பொன்னானது. பக்கத்தில் யாரும் பேசவில்லை, எனக்கும் தொண்டை அடைத்தது.

ஷூவுக்கு உண்மையான பரீட்சை இறக்கம்தான். தேவுராலியில் இருந்து தாடாபானிக்கு இறங்கும் வழியில் நிழல் பகுதியெல்லாம் பனி உறைந்து கிடந்தது, தலைக்கு மேலே லாலி குராஸ் (ரோடோடென்ட்ரான்) மரங்கள் பூத்துச் சிவந்திருந்தது. ஆண்கள் மாடல் என்பதால் குதிகால் எனக்குச் சற்றுத் தளர்வு. கணுக்கால் வளைவில் லேஸை இரண்டு சுற்று முறுக்கி இறுக்கிவிட்டு, அதற்கு மேலே வழக்கம்போலக் கட்டினேன். குதிகால் அப்படியே உட்கார்ந்துவிடும், விரல் பக்கம் தளர்வாகவே இருக்கும். விரல்நுனி ஒருமுறைகூட முன்னால் போய் இடிக்கவில்லை.

தண்ணீர் புகாத வகையை நான் வாங்கவில்லை. பனிக்கும் மழைக்கும் அது வேண்டும். மற்ற நேரத்தில் உள்ளே வேர்த்து நனைந்தால் சீக்கிரம் காயாது. என்னுடையது கணப்பிலிருந்து தள்ளி வைத்தே விடிவதற்குள் காய்ந்தது. நெருப்புக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்தால் ஒட்டிய பசை விட்டுவிடும், கவனம்.

காந்த்ருக்கில் இருந்து பொக்காராவுக்கு ஜீப். ஐந்தாயிரம் என்று பேசி ஏறினோம். இறங்கியதும் ஓட்டுநர் “ஐசி” என்கிறார், அதாவது இந்திய ரூபாய். என்சி, அதாவது நேபாள ரூபாய் என்று பேசியதாக அக்கா அரைமணி நேரம் வாதாடி நேபாள ரூபாயிலேயே கொடுத்தாள். ஏறும் முன்பே ஐசியா என்சியா என்று கேட்டுவிடுங்கள்.

உழைப்பு விஷயத்தில் லேசான ஷூவிடம் தோல் ஷூவின் ஆயுளை எதிர்பார்க்க முடியாது. சுண்டுவிரல் மடிகிற இடத்தில் மெஷ் இப்போதே பிரிய ஆரம்பித்திருக்கிறது, வலது குதிகால் ஓரம் பற்கள் தேய்ந்திருக்கின்றன. தெருமுனையில் தைக்கிறவரிடம் கொடுத்திருக்கிறேன், நைலான் நூலில் தைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார். அக்காவின் ஷூவுக்கு பில் பத்திரமாக இருக்கிறது. சனிக்கிழமை இருவரும் அந்தக் கடைக்குப் போகிறோம்.