கரவெய்க் மாளிகையில் ஒரு ராத்திரி

யாங்கோன் காண்டாவ்ஜி ஏரிக்கரையில இருக்கற கரவெய்க்ல நேத்து ராத்திரி சாப்பாடு. பர்மிய ராஜாக்களோட படகு மாதிரி, முன்னாடி ரெண்டு பறவைத் தலையோட 1970கள்ல கட்டின மாளிகை. உண்மையில கான்கிரீட், மிதக்கறதில்ல. ஆனா விளக்கு போட்டதும் ஏரித் தண்ணி முழுக்கத் தங்கம்!

பஃபேல நிறைய இருந்துச்சு. புளிக்க வெச்ச தேயிலையில வறுத்த பருப்பு, எள்ளு, பூண்டு போட்டுப் பிசைஞ்ச லாஃபெட் மட்டும் மூணு தடவை வாங்கினேன்.

அப்புறம் ஆட்டம். ஒரு பொண்ணு பொம்மலாட்டப் பொம்மையாவே மாறிட்டா. கண்ணுக்குத் தெரியாத நூல் இழுக்கற மாதிரி மணிக்கட்டு வெடுக்குனு தூக்குது, நூல் அறுந்த மாதிரி அப்படியே மடங்கி விழறா. தரையில புரளற நீளப் பாவாடை நுனியைத் திரும்பறப்பல்லாம் குதிகாலால பின்னுக்குத் தள்ளிக்கிட்டே ஆடறா. ஒரு தடவைகூடக் கால் சிக்கல.

வாசிக்கறவர் 21 மேளம் வட்டமா நிக்க, நடுவுல உக்காந்திருக்கார். சுருதி சேர்க்க மேளத்துல அப்பற பசை, சோத்தையும் சாம்பலையும் பிசைஞ்சதாம். நம்ம மிருதங்கத்துக்கு ரவை அப்பறது ஞாபகம் வந்து சிலிர்த்துப் போச்சு. தட்டுல சோறு ஆறினதே தெரியல.