சி26, சி33: ஹூஸ்டன் நாட்குறிப்பு

2020 ஜூன் 18, வியாழன்

காலையில் வேலைக்கு வந்ததுமே செய்தி. சிறுவயதில் அனுமதியின்றி அமெரிக்கா கொண்டுவரப்பட்டவர்களை நாடு கடத்தாமல் வேலை அனுமதி தரும் டாகா திட்டத்தை 2017-இல் ட்ரம்ப் அரசு ரத்து செய்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்துவிட்டது. எங்கள் பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கும் மெக்சிகோப் பெண் கையுறையைக்கூடக் கழற்றாமல் என் மேசைக்கு ஓடி வந்தாள். 2006-இல், ஏழு வயதில், பெற்றோர் கைப்பிடித்து எல்லை தாண்டியவள்.

தீர்ப்பைப் படித்துப் பார்த்தேன். திட்டம் நல்லதா கெட்டதா என்பதற்குள் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் போகவே இல்லை. ரத்து செய்த முறைதான் சரியில்லையாம். அப்படியானால் முறையாக ரத்து செய்யலாம் என்றுதானே பொருள்? அவளிடம் இதை இன்றைக்கே சொல்ல மனம் வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் இருவரும் வேலை அனுமதி அட்டைகளை எடுத்துப் பார்த்தோம். ஒரே அளவு, ஒரே அச்சு. என்னுடையதில் சி26, எச்1பி விசாக்காரரின் மனைவிக்கு உரிய எண். அவளுடையதில் சி33, டாகா.

2020 ஜூன் 21, ஞாயிறு

தமிழர் வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுக்கச் சண்டை. "நாம் வரிசையில் நிற்கிறோம், அவர்கள் வரிசையை மீறி வந்தவர்கள்" என்கிறார் ஒருவர். "முறைப்படி வந்த நம் பிள்ளைகளுக்கு வேலை அனுமதி கிடையாது, அவர்களுக்கு மட்டும் உண்டா?" என்கிறார் இன்னொருவர்.

இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2012 ஜூன் 15 அன்று ஒபாமா திட்டத்தை அறிவித்தபோது வைத்த நிபந்தனைகளில் ஒன்று, அன்றைய தேதியில் முறையான குடியேற்ற உரிமை எதுவும் இருக்கக்கூடாது என்பது. சிறுவயதில் விசாவோடு வந்த என் மகள் அதனாலேயே தகுதி இழந்தாள். அடுத்த ஆண்டு அவளுக்கு 21. அதற்குப் பிறகு எங்கள் எச்4 குடும்ப விசாவின் நிழலில் இருக்க முடியாது. 2014-இல் போட்ட கிரீன் கார்டு விண்ணப்பமோ, ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பில் மாட்டிக்கொண்டு, சரக்கு வராத ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கிறது.

ஆனால் அந்தக் கோபத்தை அந்தப் பிள்ளைகள்மீது காட்டுவது என்ன நியாயம்? ஏழு வயதுக் குழந்தை எந்த வரிசையில் போய் நின்றிருக்க வேண்டும் என்று குழுவில் கேட்டேன். பதிலுக்கு இரண்டு கும்பிடும் ஒரு காலை வணக்கப் படமும் வந்தன.

2020 ஜூலை 29, புதன்

நினைத்தது நடந்துவிட்டது. டாகாவுக்குப் புது விண்ணப்பங்கள் ஏற்கப்படாது என்று ட்ரம்ப் அரசு சொல்லிவிட்டது. புதுப்பித்தல் இரண்டாண்டுக்கு அல்ல, ஓராண்டுக்குத்தான். கட்டணம் மட்டும் அதே 495 டாலர்.

2020 டிசம்பர் 5, சனி

திட்டத்தைப் பழையபடியே முழுமையாக நடத்தவேண்டும் என்று நியூயார்க் நீதிபதி கராஃபிஸ் நேற்று உத்தரவிட்டிருக்கிறார். அந்த மெக்சிகோப் பெண்ணின் தம்பி இனி விண்ணப்பிக்கலாம். இரண்டு வயதில் அவளோடு வந்தவன். விண்ணப்பிக்க 15 வயது ஆகவேண்டும். அவனுக்கு அந்த வயது வந்தபோது கதவு மூடியிருந்தது. பள்ளிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பழைய வாடகை ரசீது என்று அவர்கள் அம்மா ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேர்த்து வைத்திருக்கிறாராம். 2007 ஜூன் முதல் இங்கேயே இருந்ததற்குக் காகிதம் காட்டவேண்டுமே.

2021 மார்ச் 19, வெள்ளி

பிரதிநிதிகள் சபையில் 228-197 என்று, இப்படிச் சிறுவயதில் வந்தவர்களுக்கு நிரந்தரமாகத் தங்க வழிசெய்யும் மசோதா நிறைவேறிவிட்டது. இந்த முறை எச்1பி பெற்றோரின் பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறார்கள். குழுவில் சட்டென்று எல்லோரும் மனிதாபிமானிகளாகிவிட்டார்கள்!

செனட்டில் 60 வாக்கு வேண்டும். இதே போன்ற டிரீம் மசோதா 2010 டிசம்பரில் 55 வரை வந்து கவிழ்ந்தது. செனட்டர்கள் டர்பினும் ஹாட்ச்சும் முதல் டிரீம் மசோதாவைக் கொண்டுவந்தது 2001-இல். என் மகளைவிட அதற்கு ஒரு வயதுதான் குறைவு.

2021 ஜூலை 17, சனி

டெக்சாஸ் அரசு தொடுத்த வழக்கில் நீதிபதி ஹேனன் நேற்று டாகாவே சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்துவிட்டார். இவ்வளவு பெரிய சலுகையை வழங்க நாடாளுமன்றம் நிர்வாகத்துக்கு அதிகாரம் தரவில்லை என்பது அவர் வாதம். எரிச்சலோடுதான் படித்தேன், ஆனாலும் பிதற்றல் என்று தள்ள முடியவில்லை. ஓர் அதிபர் கொடுத்ததை அடுத்தவர் பிடுங்கப் பார்த்ததை நாங்களே கண்டோமே. சட்டம் இயற்றவேண்டியவர்கள் இருபது ஆண்டுகளாகக் கைகட்டி உட்கார்ந்திருக்க, தண்டனை பிள்ளைகளுக்கு.

இருப்பவர்கள் புதுப்பித்துக்கொள்ளலாம். புது விண்ணப்பங்களை வாங்கலாம், அனுமதிக்கக் கூடாது. ஆக, அக்காவுக்கு உண்டு, தம்பிக்கு இல்லை. அவனுக்கு விரல்ரேகை பதிய நாள்கூடக் குறித்திருந்தார்கள்.

மாலையில் தொலைபேசியில் அழைத்தாள். அழுகையெல்லாம் இல்லை. தம்பிக்காகக் கட்டிய 495 டாலர் திரும்ப வருமா என்றுதான் கேட்டாள். திங்கட்கிழமை வழக்கறிஞரிடம் கேட்கச் சொன்னேன். மகளை மாணவர் விசாவுக்கு மாற்றும் ஐ-539 படிவத்தோடு நானும் அன்று அவரைத்தான் பார்க்கப் போகிறேன்.