சிக்னல் நிமிர்ந்து நிற்கும் ஊர்

ஜப்பானின் நீகாட்டா மாகாணத்து நாகஓகாவில் இருக்கிறேன் என்றால், "அது ரஷ்யா பக்கமா?" என்கிறார்கள். இல்லை, ஏதென்ஸை விடவும் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஆனாலும் குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்குப் பனி குவியும்.

காரணம் கடல். சைபீரியாவிலிருந்து வறண்டு வரும் காற்று, ஜப்பான் கடலின் சுஷிமா வெந்நீரோட்டத்தின் மேல் வயிறு முட்ட ஈரம் குடிக்கிறது; மலையில் மோதி மேலேறுகையில் அத்தனையையும் எங்கள் தலையில் கொட்டிவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் டோக்கியோவில் பளீரென்று வெயில். அங்கே சில சென்டிமீட்டர் விழுந்தாலே ரயில்கள் தடுமாறும், செய்திகளில் வேறு பேச்சே இருக்காது. எங்களுக்குச் சிரிப்பு வரும். வடக்கே ஆவோமோரி நகரில் சராசரியாக ஆண்டுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் பொழிகிறது. தென்மேற்கே இபுகி மலையில் 1927 பிப்ரவரியில் 11.82 மீட்டர் ஆழம் அளந்திருக்கிறார்கள்.

இங்கே தெருக்களின் நடுவே குழாய் பதித்து, நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கிறார்கள். பூமிக்கடியில் இருந்து வருவதால் அந்த நீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை. ஆனால் அதிலுள்ள இரும்பு, சாலை முழுவதையும் துருச் சிவப்பாக்கிவிட்டது. கோடையிலும் அந்தக் கறை போகாது. கார்கள் வாரியடிக்கும் தண்ணீருக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்தான் கதி. பனி தங்காதிருக்க சிக்னல் விளக்குகளைக்கூட மேலிருந்து கீழாக அடுக்கியிருக்கிறார்கள்.

கூரைப் பனியைத் தள்ளுவதுதான் பெரும்பாடு. ஆண்டுதோறும் தவறி விழுந்து இறப்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். எதிர்வீட்டுத் தாத்தா இன்னும் தானே ஏறுகிறார். சொன்னால் கேட்பதில்லை.