விலங்குக்கு முந்தைய நான்கு வருடங்கள்

திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்து, கிறிஸ்தவராக மாறிய புனித தேவசகாயத்தின் சுரூபம் எங்கே இருந்தாலும் உடம்பில் சங்கிலி இருக்கும். வேட்டி கட்டிய ஒரு மனிதர், விலங்கோடு முழங்காலில் நின்று வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டிருப்பார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர் என்பதால் அப்படிச் செய்வது நியாயம்தான். ஆனால் வளர்ந்த பிறகு ஞானஸ்நானம் வாங்கிய எனக்கு அந்தச் சங்கிலியைவிட அதற்கு முந்தைய காலத்தின் மேல்தான் கண். 1745 மே 14 அன்று திருமுழுக்கு, 1749 பிப்ரவரியில் கைது. இடையில் ஏறக்குறைய நான்கு வருடங்கள். அதே அரண்மனை உத்தியோகம், அதே சொந்தக்காரர்கள், புது விசுவாசம் மட்டும் கூடுதல். தினமும் காலையில் எழுந்து அதை எப்படிச் சமாளித்தார்? இந்தக் கேள்வியோடுதான் தெற்கே கிளம்பினேன். கன்னியாகுமரி பகவதியையும் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அம்மாவும் கூட வந்தார்.

முதலில் வடக்கன்குளம். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன் தேவசகாயம் ஆனது இங்கேதான். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருடைய படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுத் தளபதி டிலனாய் வழியாகத்தான் நீலகண்டனுக்கு விசுவாசம் வந்தது. வீட்டில் நஷ்டமும் துன்பமும் வந்து சோர்ந்திருந்தவருக்கு டிலனாய் பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னாராம். திருவிதாங்கூர் எல்லைக்குள் அரசு அதிகாரி ஒருவர் மதம் மாறுவது ஆபத்து என்பதால், எல்லை தாண்டி இங்கிருந்த இயேசு சபைக் குருவிடம் அனுப்பிவைத்தார்.

இந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. பிற்காலத்தில் இங்கே கட்டிய கோயிலில், சாதிக்கு ஒரு பக்கம் என்று ஆட்கள் பிரிந்து உட்கார்ந்தார்கள். இடையில் சுவர் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதை இடித்தார்கள். எல்லாச் சாதியாரோடும் சேர்ந்து பழகியதற்காகவே உயர்சாதிக்காரர்களின் கோபத்துக்கு ஆளான ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில் இப்படி. மதம் மாறி வந்தவர்களிடம் “இங்கே சாதி இல்லை” என்று யாராவது சொன்னால், வடக்கன்குளத்துக்கு ஒரு தடவை போய்வரச் சொல்லலாம். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயருக்குப் பின்னாலிருந்த ‘பிள்ளை’யை விட்டுவிட்டு தேவசகாயம் என்று மட்டும் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

அங்கிருந்து காவல்கிணறு வழியாக ஆரல்வாய்மொழி. கணவாயில் காற்று சேலையைப் பிடுங்குகிறது, வழியெல்லாம் காற்றாலைகள். காற்றாடிமலையில் மணியடிச்சான் பாறை என்று ஒன்று இருக்கிறது. அவர் இறந்த நேரத்தில் மலையிலிருந்து உருண்டு விழுந்து மணிபோல ஒலித்தது என்பது நம்பிக்கை. சின்னக் கல்லால் தட்டினால் இன்றும் கணீரென்று கேட்கிறது. நான் ஒரு செபம் சொல்லிவிட்டுத் தட்டலாம் என்றிருந்தேன். அதற்குள் அம்மா குங்குமத்தைச் சரிசெய்துகொண்டு போய் மூன்று தட்டு தட்டிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பாட்டி, “நல்லா வேண்டிக்கோங்கம்மா, கேட்டது கெடைக்கும்” என்றார்.

இறங்கி வரும்போது அம்மா கேட்டார்: “இவரு மாறுனப்ப இவரோட அம்மா என்ன சொன்னாங்களாம்?”

மனைவி பார்கவியும் பிறகு ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆன கதையைச் சொன்னேன். அம்மா கேட்டது அது இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவில், ஞானஸ்நானத்துக்காகத் தலையில் தண்ணீர் ஊற்றுவது சில நிமிட வேலை. அதன் பிறகு வரும் திங்கட்கிழமைதான் கஷ்டம். அலுவலகத்தில் ஆயுத பூஜைக்குப் பொரியும் பொட்டும் வரும். பொரியை வாங்கிக்கொண்டு பொட்டை எப்படி மறுப்பது என்று யோசிக்க வேண்டும். சித்தி வீட்டுக் காதுகுத்தில் “நீ இதெல்லாம் சாப்பிடுவியா?” என்று பந்தியில் உரக்கக் கேட்பார்கள். இந்தப் பக்கம், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில், பரம்பரைக் கத்தோலிக்கர்கள் மூச்சு விடாமல் பிரார்த்தனை மாலை சொல்லும்போது நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில விஷயங்கள் சுலபமாகவே வந்தன: தவக்காலத்து வெள்ளியில் கறி கிடையாது என்றார் உபதேசியார், எங்கள் வீட்டில் எந்த வெள்ளிக்கும் கறி கிடையாது. வராதது பாவசங்கீர்த்தனம். தப்பு செய்தால் சாமி முன் தோப்புக்கரணம் போட்டுப் பழகியவளுக்கு, ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்வது இன்றும் தொண்டையில் அடைக்கிறது. இருந்தாலும் போகிறேன். வெளியே வரும்போது இருக்கும் லேசான மனதுக்காகவே போகலாம்.

தக்கலை பக்கம் புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை. கைதியாக இழுத்து வரப்பட்டவர் தாகத்தில் வேண்டி, பாறையில் முழங்கை முட்டியால் இடிக்க, தண்ணீர் வந்ததாம். எல்லோரையும்போல நாங்களும் அந்தத் தண்ணீரைக் குடித்தோம். பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. உள்ளே டிலனாயின் கல்லறை, லத்தீனோடு தமிழிலும் எழுத்து. ஞானஸ்நானத்தில் எனக்குத் துணை நின்ற என்னுடைய ஞானத்தாய் நினைவுக்கு வந்தார். அவர் எனக்குப் பிரசங்கம் எதுவும் செய்ததில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். டிலனாயும் நீலகண்டனின் கஷ்ட காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான். கல்லறையில் ஒரு பரலோக மந்திரம் சொன்னேன்.

கடைசியாக நாகர்கோவில், கோட்டாறு சவேரியார் பேராலயம். காட்டில் போடப்பட்ட தேவசகாயத்தின் உடலில் மிஞ்சியதை மக்கள் எடுத்துவந்து இங்கேதான் அடக்கம் செய்தார்கள். கல்லறை அருகே அம்மா மெழுகுதிரி ஏற்றி, தம்பிக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று சத்தமாகவே வேண்டினார். நான் கேட்டது சின்ன விஷயம்: அலுவலகத்திலும் பந்தியிலும் கோபப்படாமல் பதில் சொல்லும் பொறுமை. விலங்கு போட்ட புனிதரிடம் கேட்கிற வரமா இது என்று தோன்றியது. ஆனால் அந்த நான்கு வருடங்களில் அவருக்கும் இதுதான் அதிகம் தேவைப்பட்டிருக்கும்.

அவருடைய திருநாள் ஜனவரி 14 என்று பஸ்ஸில் சொன்னதும் அம்மா விரல்விட்டுக் கணக்குப் போட்டார். “பொங்கலும் அப்பத்தானே வருது? நீ காலையில பூசைக்குப் போய்ட்டு வா. வந்ததும் பானை வெச்சுக்கலாம். உங்க சாமியார் கரும்பு வாங்கிப்பாரா?”

எங்கள் கோயிலிலேயே பொங்கல் வைப்பார்கள் என்றேன். அம்மா நம்பவில்லை.