ஆரப்பாளையத்தில் ஏறி சுருளிப்பட்டியில் இறங்கினால்: பன்னீர் திராட்சையும் ஒரு ஜாடிக் காடியும்

மதுரையில் பன்னீர் திராட்சைக்குப் பஞ்சமில்லை. மாட்டுத்தாவணி பழச்சந்தையில் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. சாப்பிட அது போதும். புளிக்கவைத்துக் காடி (வினிகர்) ஆக்குவதற்கு என்றால் தோட்டத்துக்கே போய்விடுவது நல்லது. கடை ஈஸ்ட் போடாமல், பழத்தோடு வருகிற ஈஸ்டையே நம்பி ஜாடி போடுகிறவருக்கு முதல் கேள்வி, கொடியில் கடைசியாக என்ன மருந்து, எப்போது அடித்தார்கள் என்பதுதான். சந்தையில் அதற்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது.

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் கம்பம், குமுளி வண்டிகள் நிற்கும். செக்கானூரணி, உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கியதுமே காற்று மாறிவிடும். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதிகாலை வண்டியைப் பிடித்தால் வெயில் ஏறுமுன் தோட்டத்தில் நிற்கலாம். 2022 முதல் தேனிக்கு அகல ரயில்பாதையும் இருக்கிறது. ஆனால் ரயில் கம்பம் பக்கம் போகாமல் போடிக்குத் திரும்பிவிடும்.

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி வழியாகச் சுருளி அருவிக்குப் போகும் சாலையில் பந்தல்கள் தொடங்கிவிடுகின்றன. கல்தூண் நட்டு, மேலே கம்பி பின்னி, அதில் கொடி படர்ந்திருக்கும். உள்ளே குனிந்து போனால் தலைக்கு மேல் கருநீலக் குலைகள். 1895-ல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர் பாயும் பள்ளத்தாக்கு இது. இந்த ரகத்தை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இங்கே கொண்டுவந்தார் என்பது ஊர் வரலாறு. வெளிநாட்டில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சை என்று புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

குளிர்நாடுகளில் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். வருடத்துக்கு ஓர் அறுவடைதான். இங்கே பனிக்காலம் இல்லாததால் கொடி தானாக ஓய்வெடுக்காது. கவாத்துக் கத்திதான் அதற்குப் பனிக்காலம். வெட்டினால் துளிர்க்கும், துளிரோடு பூ வரும், ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலை அறுக்கலாம். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து தேதி மாறுவதால், எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். முற்றிய குச்சியில் நான்கு கண் (துளிர்க்கும் மொட்டு) விட்டு வெட்டினால் காய்க்கும். மெலிந்த குச்சியை ஒன்றிரண்டு கண்ணோடு குறைத்து, அடுத்த சுற்றுக்குத் தயார் செய்வார்கள்.

கவாத்து நேரத்தில் போய்ச் சேர்ந்தால் வெட்டிப் போட்ட குச்சிகளையும் கேட்டு வாங்கி வரலாம். பென்சில் தடிமன், பழுப்பேறிய பட்டை, மூன்று நான்கு கண் இருக்க வேண்டும். பச்சைக் குச்சி அழுகிவிடும். ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்து, இரண்டு கண் மண்ணுக்குள் போகும்படி நட்டு நிழலில் வைத்தால் வேர்விடும். பிறகு தண்ணீர் தேங்காத இடத்தில் இரண்டடி ஆழக் குழி. ஒரே தண்டாக மேலே ஏற்றி, பந்தல் கம்பியைத் தொட்டதும் நுனியைக் கிள்ளி, இரண்டு கையாகப் பிரித்துவிட வேண்டும். மதுரை வீடுகளில் கொடி நன்றாகப் படர்ந்தும் காய்க்கவில்லை என்ற குறை அடிக்கடி கேட்கிறது. பெரும்பாலும் கவாத்து செய்யாததுதான் காரணம். செழித்த கொடியை வெட்ட மனசு வராது. வெட்டாமல் விட்டால் இலைதான் மிஞ்சும்.

இனி குலைக்கு வருவோம். தோட்டக்காரரிடம் கேட்க வேண்டியது: "அண்ணே, கடைசியா மருந்து அடிச்சு எத்தன நாளாச்சு? கந்தகமா, வேற எதுவுமா?" அடிச்சாம்பல் நோய்க்கும் சாம்பல் நோய்க்கும் மருந்தடிக்காமல் இங்கே திராட்சை எடுப்பது கடினம், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் பூஞ்சையைக் கொல்லும் மருந்து ஈஸ்டையும் விடாது, ஈஸ்டும் பூஞ்சை இனம்தான். அறுவடைக்குச் சற்று முன் அடித்த கந்தகம் ஜாடிக்குள் போனால் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். மருந்துச் சீட்டில் போட்டிருக்கும் இடைவெளி நாள் கழிந்த பந்தலில்தான் பழம் எடுக்க வேண்டும். மழை பெய்து இரண்டு மூன்று நாளுக்குள் அறுத்ததும் வேண்டாம். பழம் நீர் குடித்து வெடித்திருக்கும், இனிப்பும் இறங்கியிருக்கும்.

ஒரு பழத்தைக் காம்போடு பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். நீலக் கறுப்பின் மேல் சாம்பல் பூத்தாற்போல ஒரு பூச்சு. விரலால் தேய்த்தால் கறுப்பு பளபளக்கும். இந்தப் பூச்சையே ஈஸ்ட் என்று நினைப்பவர்கள் அதிகம். அது மெழுகு. ஈஸ்ட் கண்ணுக்குத் தெரியாமல் தோலில் ஒட்டியிருக்கும், காம்பு சேரும் இடத்தில் கூடுதலாக. அதிலும் கடைசிவரை உழைக்கும் சாக்கரோமைசிஸ் இனம் நல்ல பழத்தில் மிகக் குறைவு. முதலில் நுரைப்பவை ஆல்கஹால் 4, 5 சதவீதம் ஏறியதும் சோர்ந்துவிடும். அதைத் தாங்கும் இனம் அதற்குள் பெருகியிருந்தால் ஜாடி நடக்கும், இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும். பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பொழுதுக்குள் கள்ளாகிவிடுகிறதே, அங்கேயும் இதே காட்டு ஈஸ்ட்தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்; வீட்டு ஒயினும் அதில் அடங்கும். அதனால் இங்கே சொல்வது புளித்த சாற்றைக் காடியாக, அதாவது வினிகராக மாற்றும் வழி. பன்னீர் திராட்சையின் வாசம் காடியிலும் தங்கும். கடையில் விற்கும் செயற்கை வினிகரை அதன் பக்கத்தில் வைக்கவே முடியாது.

10 கிலோ பழம் வாங்கினால் 1 கிலோவைத் தனியே எடுத்துத் தாய்ச்சாறு, அதாவது மீதிப் பழத்தைப் புளிக்கவைக்க ஊற்றும் தொடக்கச் சாறு போடுங்கள். முக்கியமான வேலை இதுதான். குலையின் நல்ல பழங்களை மட்டும், கழுவாமல், மூன்று கண்ணாடிப் பாட்டில்களில் தனித்தனியாகக் கையால் நசுக்கிப் போட்டு, துணியால் வாய் கட்டிவிடுங்கள். ஒரே தோட்டத்துப் பழமாக இருந்தும் மூன்றும் மூன்று விதமாகப் போகும். ஒன்றரை நாளில் நுரை கட்டும். மூன்றாம் நாள் முகர்ந்து பார்த்தால் ஒன்றில் பழவாசம், ஒன்றில் நகப்பூச்சு நெடி, ஒன்றில் பூசணம் இருக்கலாம். பழவாசம் வீசும் பாட்டிலை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொட்டிவிட வேண்டும். நகப்பூச்சு நெடி லேசாக இருந்தால் தாளலாம். மூக்கில் ஏறினால் கூடாது.

மீதி 9 கிலோவை அதுவரை குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கலாம். தாய்ச்சாறு தேறிய அன்று தூசி போக ஒருமுறை அலசி, உலர்த்தி, காம்பு நீக்கி, வெடித்ததை ஒதுக்குங்கள். கையால்தான் நசுக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் விதை உடைந்து கசக்கும். பீங்கான் ஜாடியில் முக்கால் அளவே நிரப்பி, தாய்ச்சாற்றை ஊற்றிக் கலக்கி, நெருக்கமாக நெய்த வேட்டித் துணியால் கட்டுங்கள். கொசுவலைத் துணி போதாது, பழ ஈ நுழைந்துவிடும். அலுமினியம், பித்தளை, இரும்பு ஆகவே ஆகாது. மூடியை இறுக்கினால் வாயு சேர்ந்து வெடிக்கும்.

தோல் மேலே மிதந்து மூடிபோல இறுகும். காலையும் மாலையும் மரக்கரண்டியால் அதை உள்ளே அமுக்க வேண்டும். இரண்டு வேளை தவறினால் உலர்ந்த தோலில் பூசணம் பிடிக்கும்.

மதுரை வெயில்தான் பெரிய இடைஞ்சல். புளிப்பதே சூட்டைக் கிளப்பும். ஜாடிக்குள் 35 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் தளர்ந்து, இனிப்பு முழுதும் கரையுமுன் புளிப்பது பாதியில் நின்றுவிடும். அகன்ற தொட்டியில் தண்ணீர் விட்டு, ஜாடியை அதில் நிறுத்தி, நனைத்த சாக்கைச் சுற்றினால் மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல நாலைந்து டிகிரி குறையும். கார்த்திகை முதல் மாசி வரை போடுவது நிம்மதி. சித்திரையில் வேண்டாம்.

ஆறேழு நாளில் நுரை அடங்கும். துணியில் வடிகட்டிப் பிழிந்தால் சுமார் 6 லிட்டர் தேறும். அடர்த்திமானி 1.000-க்குக் கீழே இறங்கும்வரை, சாற்றை வாய் லேசாக மூடிய பாட்டிலில் இன்னும் சில நாள் விட வேண்டும். புளிக்குமுன் சாற்றின் இனிப்பு 18 பிரிக்ஸ் (100 கிராம் சாற்றில் சுமார் 18 கிராம் சர்க்கரை) இருந்திருந்தால் ஆல்கஹால் 10 சதவீதம் அளவில் நிற்கும். காடிக்கு அது அதிகம், 7 போதும். கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டரை லிட்டர் சேருங்கள். பிறகு வடிகட்டாத, சூடேற்றாத காடி 2 லிட்டர். கடைகளில் 'மதர்' (காடியாக்கும் பாக்டீரியா படர்ந்த ஆடை) இருப்பதாகப் போட்டு விற்கும் ஆப்பிள் காடி இதற்கு ஆகும்; செயற்கை வினிகரில் உயிர் கிடையாது. இதை ஊற்றாமலும் காடியாகும், ஆனால் அந்த இடைவெளியில் பூசணம் முந்திக்கொள்ளும்.

இந்தக் கட்டத்தில் காற்று வேண்டும். அகன்ற வாய் ஜாடி, துணிக்கட்டு, 30 டிகிரி வரை சூடு. மதுரை வெயில் இப்போது துணைக்கு வருகிறது. இரண்டு வாரத்தில் மேலே ஆடை படியும். வழவழப்பாக, இளநீர் வழுக்கைபோல இருந்தால் அதுதான் அந்த 'மதர்', காடியின் தாய். வெள்ளையாகச் சுருங்கி மாவு தூவியதுபோல இருந்தால் வேறு ஈஸ்ட். வழித்து எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் காடி ஊற்றலாம். பச்சையோ கறுப்போ நூல் நூலாக வந்தால் முழுவதையும் கொட்டுங்கள். ஜாடியை அசைக்கக் கூடாது, ஆடை மூழ்கினால் வேலை தாமதமாகும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் சாராய நெடி போய்ப் புளிப்பு மட்டும் நிற்கும். குழம்புக்கும் சாலடுக்கும் இதுவே தாராளம். ஊறுகாய்க்கு என்றால் புளிப்பின் அளவைச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். குறைந்தது 5 சதவீதம் அமிலம் இல்லாவிட்டால் கெட்டுப்போகலாம். பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள். இப்போது காற்று எதிரி. இடம் விட்டால் அதே பாக்டீரியா காடியையே தின்று நீர்க்கவைத்துவிடும். ஜாடியில் 2 லிட்டரை ஆடையோடு விட்டுவைத்தால், அடுத்த முறை கம்பத்திலிருந்து பெட்டியோடு திரும்பும்போது ஆப்பிள் காடி தேடிக் கடை ஏற வேண்டியதில்லை.