‘பாலாறே வா’: தமிழில் ஒரு ராக் பாட்டு எழுதிப் பார்த்த அனுபவம்

பாட்டு இப்போது மூன்றரை நிமிடத்தில் வந்து நிற்கிறது. ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் வாசிப்பு) முடிவாகிவிட்டது, முதல் சரணமும் கோரஸும் (பல்லவி மாதிரி திரும்ப வரும் பகுதி) இனி மாறாது, இரண்டாம் சரணம் பாதியாகக் குறைந்துவிட்டது, பிரிட்ஜ் (கடைசிக் கோரஸுக்கு முன் வரும் மாறுதலான பகுதி) மட்டும் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. தமிழில் ராக் எழுத ஆசைப்படும் யாருக்காவது உதவும் என்று இதுவரை செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: கேட்பவரை எங்கே காக்க வைக்கிறோம், காக்க வைத்த பிறகு கையில் என்ன கொடுக்கிறோம். கிடார் வேகம், சோலோ எல்லாம் அப்புறம்.

பாட்டு பாலாற்றைப் பற்றியது. வேலூர்க்காரருக்கு விளக்கம் வேண்டாம். ஆண்டுக்கணக்கில் மணலும் முள்ளுமாகக் கிடந்த ஆறு 2021 நவம்பரில் பொங்கி ஓடியதைப் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

முதலில் ரிஃப். ஈ பவர் கார்டில் தொடங்கி ஜி, ஏ என்று ஏறித் திரும்பவும் ஈ. கார்டு என்றால் ஒன்றாகச் சேர்த்து வாசிக்கும் சுரங்கள். பவர் கார்டில் இருப்பது ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும்தான், காந்தாரம் கிடையாது, அதனால் அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைத் திருகினால் நாம் வாசிக்கும் சுரங்களோடு, அவற்றின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் வரும் புதுச் சுரங்களும் சேர்ந்து கிளம்பும். முழு கார்டு பிடித்தால் அவை ஒன்றோடொன்று மோதிக் குழம்பிப்போகும். ஸ-ப மட்டும் என்றால் இரண்டுக்கும் விகிதம் 2:3, கழித்தால் 1, அதாவது கீழ் ஸ்தாயி ஸட்ஜம் தானாக வந்து அடியில் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கனம் அங்கிருந்துதான் வருகிறது. இன்னொரு லாபம், காந்தாரத்தைக் கிடார் சொல்லாததால் அதைச் சொல்லும் உரிமை பாடுகிறவருக்குப் போய்விடுகிறது. இது பிரிட்ஜுக்கு வரும்போது பெரிதாகக் கைகொடுத்தது, பின்னால் சொல்கிறேன்.

ரிஃப்பின் நான்காவது அடியில் கிடார் நிற்கிறது, டிரம்ஸில் ஸ்நேர் (படாரென்று ஒலிக்கும் சின்ன டிரம்) மட்டும் தனியாக விழுகிறது. இது டிரம்ஸ் வாசிக்கும் தம்பி கேட்டு வாங்கிய இடைவெளி. ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பு, அதனால் ஜனம் எங்கே கைதட்டும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். “இன்னாண்ணா, நாலு அடியும் நீயே வாசிச்சிகினு இருந்தா அவங்க எங்க தட்டுவாங்க?” என்றான். இரண்டாவது, நான்காவது அடியில் ஸ்நேர் விழுவதுதான் ராக்கின் அடிப்படை, அதில் ஒன்றிலாவது கிடாரை நிறுத்தி இடம் விட்டால் கேட்கிறவரின் கை தானாக அங்கே போகிறது. குயீன் என்ற ராக் குழு 1977இல் வெளியிட்ட ‘வி வில் ராக் யூ’ முழுக்கக் கால் கால் கை என்று போகும், கிடார் கடைசியில்தான் வந்து சேரும். கூட்டத்துக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் பாட்டில் பாதி அவர்களுடையதாகிவிடுகிறது.

அடுத்து வரிகள். இங்கேதான் அதிக நேரம் செலவானது, அதிக சந்தோஷமும் இங்கேதான்.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் பார்த்தேன், கேட்டேன், போனேன் என்று வரிக் கடைசியில் இயைபு சும்மா கிடைத்துவிடும். சும்மா கிடைப்பதால் அது காதிலும் தங்குவதில்லை. அதனால் இயைபை விட்டுவிட்டு எதுகைக்கு வந்தேன். எதுகை வரியின் தலையில் வரும், ரிஃப்பின் முதல் அடியும் அங்கேதான் விழுகிறது.

கொட்டிக் கிடந்த மணலெல்லாம்
வெட்டி எடுத்த பின்னால
தட்டிப் பாத்தா தரை சொல்லும்
எட்டிப் போச்சு தண்ணின்னு

இதில் ‘ட்டி’யைக் கவனியுங்கள். இரட்டை வல்லினம் சொல்லும்போது நாக்கு ஒட்டி, காற்று ஒரு நொடியின் சிறு துண்டு நின்று, பிறகு வெடிக்கிறது. வலது உள்ளங்கையைக் கிடாரின் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் கட்டை) மேல் வைத்துக் கம்பியை அமுக்கி வாசிக்கும் பாம் மியூட்டும் அதையேதான் செய்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் நின்று ஒரே இடத்தில் வெடித்தால் குரலும் கிடாரும் ஒரே வாத்தியமாகக் கேட்கிறது, நடுவில் அந்த நின்ற இடத்தில் டிரம்ஸின் ஹை-ஹேட் (ஜோடித் தாளத் தட்டு) சத்தம் தெளிவாக எட்டிப் பார்க்கிறது. ஆங்கில ராக்கில் இவ்வளவு சொகுசு கிடையாது. மொழியே தாளத்தைக் கொண்டுவந்து கொடுக்கும்போது நாம் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

கோரஸுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். அங்கே குரல் மேலே போய் நிற்க வேண்டும், இழுக்க வேண்டும். தமிழில் குறிலை இழுத்தால் நெடிலாகிவிடும், சொல்லே மாறிவிடும். ‘வரும் வரும் வெள்ளம்’ என்று ஒரு வரி இருந்தது, உச்சத்தில் நிறுத்திப் பாடினால் ‘வாரும் வாரும்’ என்று யாரையோ விருந்துக்கு அழைப்பது போல ஆகிறது. கச்சேரியில் குறிலை நீட்டினால் பரவாயில்லை, கேட்கிறவருக்குக் கீர்த்தனை முன்பே தெரியும். முதல்முறை கேட்கிற பாட்டில், டிஸ்டார்ஷனுக்கு நடுவில், ஒரு சொல் நழுவினால் போச்சு. ஆகவே இழுக்கும் இடமெல்லாம் நெடில், முடிந்தவரை ‘ஆ’. ‘ஈ’யும் ‘ஊ’வும் மேலே போகப்போகத் தொண்டையை இறுக்கும், ‘ஆ’வுக்கு வாய் தானாகத் திறக்கும். இப்படித் தேடிக்கொண்டிருந்தபோது வந்ததுதான் ‘பாலாறே வா’. நான்கு எழுத்து, நான்கும் நெடில், மூன்று ‘ஆ’. ஆற்றின் பேரே கோரஸாக அமைந்திருந்தது. சரணம் கீழே ஸட்ஜத்தையும் சாதாரண காந்தாரத்தையும் (மைனருக்கு உரிய காந்தாரம்) சுற்றியே நடக்கும், ‘பா’ நேராகப் பஞ்சமத்தில் எழும்பும். பாடத் தெரியாதவரும் சேர்ந்து கத்தக்கூடிய தூரம்தான் அது.

சரி, காக்க வைப்பதற்கு வருகிறேன்.

நம் பக்கத்துப் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. துரியோதனன் நேராக வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள், பின்னால் சலங்கைச் சத்தம், கிரீடத்தின் உச்சி மட்டும் மேலே தெரியும், பாட்டு திரைக்குப் பின்னாலிருந்து வரும், பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட எழுந்து உட்காரும். வரப்போவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் அந்தக் காத்திருப்பு அவ்வளவு சுகம். கோரஸுக்கு முந்தைய பகுதி அந்தத் திரைதான்.

நிர்வாணா என்ற ராக் குழு 1991இல் வெளியிட்ட ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’டில் சரணத்துக்கும் கோரஸுக்கும் அதே நான்கு கார்டுதான். சரணத்தில் பேஸும் டிரம்ஸும் பாட்டைச் சுமக்கும், கிடார் இரண்டே சுரத்தைத் தொட்டுத் தொட்டு விடும், கோரஸில் அதே கார்டுகள் முழு பலத்தோடு இறங்கும். புதுச் செய்தி எதுவும் இல்லை, அடக்கி வைத்ததை அவிழ்த்துவிடுவதுதான் செய்தி. லெட் செப்பலின் குழுவின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ (1971) எட்டு நிமிடப் பாட்டு, டிரம்ஸ் வருவதற்கே நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து 2011இல் வெளியான ஆய்வு ஒன்று, பிடித்த இசையைக் கேட்கும்போது உச்சம் வரும் கணத்தில் மட்டுமல்ல, அதை எதிர்பார்க்கும் நேரத்திலும் மூளையில் டோபமின் என்ற ரசாயனம் சுரக்கிறது, இரண்டும் மூளையின் வெவ்வேறு பகுதிகளில் நடக்கிறது என்று காட்டியது. அதாவது காத்திருப்பது உச்சத்துக்குக் கொடுக்கும் விலை இல்லை, அதுவே தனிச் சுகம்.

என் பாட்டில் அந்த இடத்தில் ‘ஏறுது… ஏறுது…’ என்று ஒரே சொல், கிடார் பஞ்சமத்தில் (பி பவர் கார்டு) நின்றுவிடும், தம்பி ஃப்ளோர் டாமுக்கு (கனமான சத்தம் தரும் பெரிய டிரம்) போவான். நீளத்தை மாற்றி மாற்றிப் பார்த்தோம். இரண்டு பார் (ஒரு பார் என்பது நான்கு அடி) வைத்தால் யாரும் கேட்பதற்கு முன்பே கோரஸ் வந்து விழுகிறது. எட்டு வைத்தால் ஆறாவதில் தலையாட்டல் நின்றுவிடுகிறது. நான்கு சரியாக இருந்தது. ஆனால் இரண்டாம் முறை எட்டு வைத்தாலும் தாங்குகிறது, ஏனென்றால் இப்போது அவர்களுக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். முதல்முறை நான்கு, அடுத்தமுறை எட்டு என்று முடிவு செய்துவிட்டோம்.

பதிவு செய்யும்போது ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. டிஜிட்டலில் பூஜ்யம் டெசிபல்தான் கூரை, அதற்கு மேல் போக முடியாது. கோரஸ் பெரிதாகக் கேட்க வேண்டும் என்றால் சரணத்தைத்தான் இறக்க வேண்டும். சரணத்தில் ஒரே கிடார், நடுவில். கோரஸில் அதையே இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து இடது, வலது என்று பிரித்துப் போட்டோம். சத்தம் அதிகம் ஏறவில்லை, ஆனால் அறை அகலமானது போல இருக்கிறது.

கொசப்பேட்டையில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் வெயில் இறங்கிய பிறகு சிலரை உட்காரவைத்து ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினோம். நான் பாட்டைக் கேட்கவில்லை, முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் சரணத்தின் பின்பாதியில் இரண்டு பேர் கை போனுக்குப் போனது. கோரஸ் ஒருமுறை வந்த பிறகு அது மறுபடி எப்போது என்றுதான் காது நிற்கிறது, கதை கேட்கும் பொறுமை குறைந்துவிடுகிறது. நான்கு வரியை இரண்டாக்கியது அதனால்தான். கொடியில் துணி எடுக்க வந்த நண்பரின் அத்தை, மடித்துக்கொண்டே இரண்டாவது கோரஸில் ‘பாலாறே’ என்று வாய்க்குள் சொன்னதைப் பார்த்தேன். சொல்லிக்கொடுக்காமல் ஒருவர் வாயில் அது வந்ததைப் பார்த்தபோது இருந்த சந்தோஷத்தை எழுத வரவில்லை. முடிந்ததும் அத்தை கேட்டார்: “ஏம்ப்பா, வா வான்னு கூப்புட்டுகினே இருக்கியே, கடைசில தண்ணி வந்துச்சா இல்லியா?”

பிரிட்ஜுக்கு என்ன வேலை என்பது அந்தக் கேள்வியில் கிடைத்துவிட்டது. பாட்டு முழுக்கக் காக்க வைத்தது கோரஸுக்காக மட்டுமில்லை, தண்ணீருக்காகவும்தான். அதைக் கொடுத்தாக வேண்டும்.

புள்ளையத் தோளுல தூக்கிக்கினு
பாலத்து மேல ஊரே நிக்குது

கிடார் அதே ஈ பவர் கார்டு, எதுவும் மாறவில்லை. குரல் மட்டும் இதுவரை தொட்டுவந்த சாதாரண காந்தாரத்தை விட்டு அந்தர காந்தாரத்துக்கு (மேஜருக்கு உரியது) ஏறுகிறது. கார்டில் காந்தாரம் இல்லாததால் இடிக்கவில்லை, அரைச் சுரம் ஏறியதில் பாட்டின் முகமே வெளிச்சமாகிவிடுகிறது. ‘ஊரே’யின் ‘ஊ’ உச்சத்தில் இறுக்குகிறது, அந்தச் சுரத்தை அடுத்த எழுத்துக்குத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்குப் பிறகு உடனே ரிஃப் விழ வேண்டும் என்கிறான் தம்பி. இரண்டு பார் வெறும் ஸ்நேரும் கைதட்டலும் விட்டு, பிறகு கோரஸ் என்பது என் விருப்பம். பேஸ் வாசிப்பவர் குடியாத்தத்திலிருந்து வர வேண்டும், ஞாயிறு சர்ச் முடிந்து தம்பியும் வந்ததும் இரண்டையும் வாசித்துப் பதிவு செய்யப்போகிறோம்.